இறுகிய புல்லியும் எளிய அறிவியலும்

இது இயந்திர யுகம். ஏர் பூட்டி உழுத நிலங்களில் இன்று டிராக்டர் ஓடுகிறது. உழுவதும், சேறு கலக்குவதும், விளைந்த நெல்லைக் களத்திலிருந்து ஏற்றிச் செல்வதும் அதன் வேலையாகிவிட்டன. அது நின்றால் வயல் வேலையும் நின்றுவிடும். அந்த டிராக்டர் எஞ்சினில் அடிக்கடி நேரும் ஒரு சங்கடத்தையும், அதைத் தீர்க்க நாம் வகுப்பில் படிக்கும் அறிவியல் எவ்வாறு கைகொடுக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் அசைகின்றன. அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாப்ட் என்னும் தண்டு. அதன் முன்முனை எஞ்சினுக்கு வெளியே சிறிது நீண்டிருக்கும். அம்முனையில் பொருத்தப்பட்ட, விளிம்பில் பள்ளமுள்ள சக்கரமே புல்லி. நம் பாடநூல் இதைக் கப்பி என்று கூறும். இதன் மேல் ஓடும் பெல்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியையும், பாட்டரிக்கு மின்னூட்டும் கருவியையும் சுழற்றுகிறது.

புல்லிக்குப் பின்னால் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் உண்டு. எஞ்சின் எண்ணெய் வெளியே கசியாமல் காப்பது இதுவே. நாளடைவில் இது தேய்ந்தால் எண்ணெய் சொட்டத் தொடங்கும். எண்ணெய் வற்றிய எஞ்சின் வெகு விரைவில் பாழாகும். சீலின் விலை சொற்பமே. ஆனால் அதை மாற்ற வேண்டுமானால் முதலில் புல்லியைக் கழற்றியாக வேண்டும். புல்லியோ பல ஆண்டுகள் மழையிலும் சேற்றிலும் உழைத்து, அசையாமல் இறுகியிருக்கும்.

ஏன் இப்படி இறுகுகிறது? புல்லியின் துளையும் ஷாப்ட்டும் இடைவெளி தெரியாதபடி நெருக்கமாகச் செய்யப்பட்டவை. அந்த மெல்லிய சந்திலும் ஈரம் புகுந்துவிடும். இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்பதை நாம் அறிவோம். துரு, தான் உருவாகக் காரணமான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது சந்துக்குள் ஆப்பு வைத்தாற்போல் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இந்நிலையில் பலரும் முதலில் தேடுவது சம்மட்டியையும் கடப்பாரையையுமே. இது பெருந்தவறு. புல்லி பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. எங்கள் கிராமத்தில் ஒருவர் கடப்பாரையால் நெம்பியதில் புல்லியின் விளிம்பு உடைந்தது. பட்டணத்தில் அலைந்து புதிய புல்லி வாங்கி வர நான்கு நாட்கள் ஆயின. அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டது. ஷாப்ட்டின் நுனியில் அடித்தாலோ நுனி மழுங்கி, மரை கெட்டு, உள்ளிருக்கும் பேரிங்குகளும் பழுதாகலாம். அப்போது ஆகும் செலவு சீலின் விலையைப் போல் பன்மடங்காகும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, புல்லியைப் பிடித்திருப்பவை எவை என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறிய பின், பாட்டரி இணைப்பை நீக்கி, பெல்ட்டைக் கழற்றி, சேற்றைத் துடைத்துவிட்டால் உண்மை விளங்கும். நடுவில் பெரிய நட்டோ போல்ட்டோ இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறு திருகும் ஒளிந்திருக்கும். இவற்றை நீக்காமல் இழுப்பது, தாழ்ப்பாளைத் திறக்காமல் கதவைத் தள்ளுவதற்கு ஒப்பாகும். ஷாப்ட்டிலும் புல்லியிலும் வெட்டிய காடிக்குள் 'கீ' எனப்படும் சிறு இரும்புத் துண்டும் இருக்கும். புல்லி வழுக்காமல் ஷாப்ட்டோடு சேர்ந்து சுழல்வது இதனால்தான். இது தொலைந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, துருவை இளக்க வேண்டும். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சந்தில் விட்டு, ஓர் இரவு காத்திருக்க வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான நுண்புழை விளைவே, இங்கும் எண்ணெயைச் சந்துக்குள் இழுத்துச் செல்கிறது.

மூன்றாவது, 'புல்லர்' என்னும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு அல்லது மூன்று கால்களும், நடுவில் ஒரு நீண்ட திருகும் உண்டு. கால்கள் புல்லியின் தடித்த நடுப்பகுதியைப் பின்புறமாகப் பற்ற வேண்டும். மெல்லிய விளிம்பைப் பற்றினால் அது உடையும். திருகின் நுனி ஷாப்ட்டின் நடுவில் நேராக நிற்க வேண்டும். இடையில் ஒரு பித்தளைத் துண்டை வைத்தால் ஷாப்ட்டுக்குக் காயமில்லை.

இக்கருவியின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்பேனரின் நீளம் 25 செ.மீ. என்றால், ஒரு முழுச் சுற்றில் நம் கை ஏறக்குறைய 157 செ.மீ. தூரம் நகரும். திருகு முன்னேறுவதோ 2 மி.மீ. மட்டுமே. ஆகவே விசை 785 மடங்காகப் பெருக வேண்டும். உராய்வினால் பெரும்பகுதி வீணாகி, பத்தில் ஒரு பங்கே மிஞ்சினாலும் 78 மடங்கு கிடைக்கும். 10 கிலோ எடையளவு அழுத்தினால் 780 கிலோ எடையளவு இழுக்கும்! அதுவும் அடியைப் போல் திடீரென்று அன்றி, சீராகவும் நேராகவும் இழுக்கும். சிறிது முறுக்கி, பொறுத்திருந்து, மீண்டும் முறுக்கினால், 'டக்' என்ற ஒலியுடன் புல்லி அசைந்து கொடுக்கும்.

அப்படியும் அசையாவிட்டால் கடைசி வழி வெப்பம். 30 மி.மீ. குறுக்களவுள்ள துளை, 150 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.05 மி.மீ. விரியும். ஒரு மெல்லிய தலைமயிரின் பருமன்தான். ஆயினும் இறுக்கம் தளர அது போதும். ஷாப்ட் சூடேறுமுன் புல்லியை மட்டும் விரைவாகச் சூடாக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில் நெருப்பு ஆபத்து. ஆதலால் நன்கு துடைத்த பின், அனுபவமுள்ள மெக்கானிக்கே இதைச் செய்ய வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும், இழுக்கும்போது புல்லிக்கு நேரே நிற்காதிருப்பதும் அவசியம்.

கழற்றிய பின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, புதிய சீலைப் பொருத்தி, ஷாப்ட்டில் சிறிது கிரீஸ் தடவிப் புல்லியை மாட்டினால், அடுத்த முறை இத்தனை சிரமம் இராது.

"இவையெல்லாம் ஆண்களின் வேலை, நமக்கெதற்கு?" என்று சில தோழியர் கேட்கலாம். தன்னைத் திருப்புவது யாருடைய கை என்று திருகு கேட்பதில்லை. உடல் வலிமை குறைந்தவருக்கும் பெரும் வலிமையைத் தருவதற்கே இயந்திரங்கள் தோன்றின. மேலும், தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்தவர் புனித சூசையப்பர். 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான அப்புனிதரின் திருநாளாக ஏற்படுத்தினார். எனவே கையில் கறைபடும் எந்த வேலையும் நமக்குத் தாழ்ந்ததன்று.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். எது பிடித்திருக்கிறது என்று முதலில் அறிவோம், ஒவ்வொன்றாக விடுவிப்போம், அதன் பின் இழுப்போம். இறுகிய புல்லியும் இளகி வரும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு