கலத்தின் விசிறியும் கடலின் வாயிலும்

நீரில் மிதக்கும் கலத்தைக் கரையேற்றாமலே அதன் விசிறியைக் கழற்றல் கூடுமோ? கூடும். விசிறி கலத்தின் புறத்தே உள்ளது. நீருள் மூழ்கவல்லான் ஒருவன் அதனைக் கழற்றி எடுத்தல் இயலும். அதனைச் சுழற்றுந் தண்டையும் உடன் உருவுதலே அஞ்சத் தக்கது. தண்டு கலத்தின் உடலைத் துளைத்துச் செல்வது. அதனை உருவிய கணமே அத்துளை கடலுக்குத் திறந்த வாயிலாகிவிடும். ஆதலின், துளையின் அளவறிந்து செதுக்கிய மரமுளையைக் கையில் வைத்துக்கொண்டே தொழிலறிந்தோர் தண்டில் கைவைப்பர்.

பாயும் நீராவியும் ஒருங்கே கொண்ட கப்பல்களைச் சமைத்தோர், தண்டைத் தொடாமலே விசிறியை அகற்றும் உபாயம் ஒன்று கண்டனர். தண்டு தன்னிடத்தே நிற்க, விசிறி மாத்திரம் அதனின்று விடுபட்டுப் பிற்புறத்துள்ள கிணறு போன்ற வழியாக மேலெழும். 1860 ஆம் ஆண்டில் தேம்சு நதியில் இறக்கப்பெற்ற 'வாரியர்' என்னும் இரும்புப் போர்க்கப்பல் இதற்குச் சான்று. பாய் விரித்துச் செல்லுங்கால், சுழலாத விசிறி நீரை எதிர்த்து வேகத்தைக் குறைக்கும். ஆதலின் 26 தொன் நிறையுடைய அவ்விசிறியை 600 பேர் கயிறு பற்றி இழுத்து உயர்த்தினர். அதன் இரண்டு இதழ்களையும் மேலுங் கீழுமாக நேர்நிறுத்தினாலன்றி அது கிணற்றினுட் புகாது.

வாரியருக்கு இவ்வமைப்பு வேகத்தின் பொருட்டு. நோர்வே நாட்டுப் 'பிராம்' கப்பலுக்கோ அஃது உயிரின் பொருட்டு. நான்சென் வடதுருவக் கடலை ஆராயும் வண்ணம் கொலின் ஆர்ச்சர் சமைத்த இக்கப்பல், 1893 இல் பதின்மூவருடன் பனிக்கட்டியிடையே வேண்டுமென்றே சிறைப்பட்டது. பனி நெருக்கி விசிறியை முறிப்பின், மீளும்போது இயந்திரம் இருந்தும் பயனில்லை. உதவிக்கு வருவாரும் இல்லை. ஆகவே விசிறியையும் சுக்கானையும் கிணறுகளின் வழியே உள்ளே உயர்த்தும்படி அமைத்திருந்தனர். ஆமை தன் உறுப்புக்களை ஓட்டினுள் அடக்கியதுபோல அக்கப்பல் மூன்றாண்டுகள் பனியோடு மிதந்தது. 1896 ஆம் ஆண்டு கோடையில் இயந்திர வலியாற் பனியைப் பிளந்து, ஆகஸ்டு மாதம் திறந்த கடலை அடைந்தது.

கழற்றுமுன்னரே மீளப் பூட்டும் வகையை எண்ணியவர் அக்கலத்தைச் சமைத்தவர். தண்டை உருவுமுன்னரே முளையைச் செதுக்கும் எளிய படகுத் தொழிலாளியும் அவரோடு ஒருங்கு எண்ணத்தக்கவனே.