அடி விழுந்த இடம்

1863 மே 30. பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்தில் சரளைக்காகத் தோண்டிய குழி ஒன்று. அதிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி அது. அப்போது அவருக்கு 28 வயது. அதே ஆண்டு செப்டம்பர் 28இல், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் போனபோது, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகள் கிடைத்தன. இந்தியாவின் பழைய கற்காலம் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

கற்கருவி தேடுவது ஃபுட்டின் வேலை இல்லை. 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர் அவர். ஆற்றங்கரை, ஓடை, மேடு என்று நடந்து, எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வரைபடம் தயாரிக்கத்தான் அவருக்குச் சம்பளம். பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றிப் படித்திருந்தார். அதனால், பாறையைப் பார்க்கப் போன இடத்திலெல்லாம் கருவியையும் தேடினார். 1891இல் ஓய்வு பெறும்வரை 33 ஆண்டுகள் வேலையும் நடந்தது, தேடலும் நடந்தது. அவர் சேர்த்த கற்கள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன.

இந்த மனிதரை நான் வாத்தியாராக வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அன்று

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருட்டாலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தது 1997இல். செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமான வருஷம் அது. ஏ ஷிஃப்ட் காலை 6 மணிக்கு, பி ஷிஃப்ட் மதியம் 2 மணிக்கு, சி ஷிஃப்ட் இரவு 10 மணிக்கு. வாரத்துக்கு வாரம் மாறும். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும்.

ஒரு வார விடுமுறையில் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகத் திருவள்ளூர் போனவன், பூண்டி ஏரியைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன். அங்கே தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கைக்கோடரி. நீர்த்துளி மாதிரி வடிவம், ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்கும் பருமன். இரு பக்கமும் சிப்பி சிப்பியாகச் செதில் எடுத்த தழும்புகள். குவார்ட்சைட் கல்லில் அப்படி ஒரு சீரான விளிம்பு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று, தினமும் உளியும் கிரைண்டரும் பிடிக்கிற என் கைக்குத் தெரிந்தது. செய்தவன் ஒரு நல்ல ஃபிட்டர். அன்று பிடித்த பித்து இன்றும் விடவில்லை.

படிக்கப் புத்தகம் வேண்டுமே. சி ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, திருவொற்றியூரில் வீட்டுக்கு இறங்காமல் நேரே சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர், கன்னிமாரா நூலகம். ஃபுட்டின் கற்கள் இருக்கும் அருங்காட்சியக வளாகத்திலேயே அந்த நூலகமும் இருக்கிறது. ஆங்கிலம் எனக்குத் தகராறு. அகராதியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, கருவிகளின் படங்களை டிரேசிங் பேப்பரில் எடுப்பேன். ஒரு நாளைக்கு நான்கைந்து படம்தான் முடியும். தூக்கம் சொக்கும். வீட்டுக்குப் போனால் மனைவி முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: மாதத்தில் ஒரு விடுமுறை கல்லுக்கு, மற்றதெல்லாம் வீட்டுக்கு. அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் கல்லும் நிலைத்திருக்காது, வீடும் நிலைத்திருக்காது.

இன்று

ஒரு நாள் முழுக்கச் செலவழித்து நான் டிரேஸ் எடுத்தது, இன்று ரயிலில் உட்கார்ந்தபடி கைபேசியில் கிடைக்கிறது. ஃபுட் வேலை பார்த்த அதே நிலவியல் துறை, தன் வரைபடங்களை 'பூகோஷ்' என்ற இணையதளத்தில் வைத்திருக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் என்ற இணையதளத்தில் இலவசம். எண்ணூர் தாண்டிக் கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது, இந்த ஆற்றின் மேல்பகுதியில் என்னென்ன பாறை என்று விரலால் தள்ளிப் பார்க்கிறேன். என் பழைய எண்பது பக்க நோட்டில் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சில லட்சம் ஆண்டுகள் என்று எழுதியிருந்தேன். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே அகழாய்வு செய்து, அவற்றில் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011இல் வெளியிட்டார்கள். அடித்துத் திருத்தினேன். அதே இடத்தில் இன்னொரு வகைக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018இல் அறிவித்தார்கள். மறுபடி திருத்தினேன். நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

தேடும் முறையும் மாறியிருக்கிறது. ஃபுட் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்று நாம் எடுக்கக் கூடாது. கல் கிடக்கிற இடமும் மண் அடுக்கும்தான் அதன் வயதைச் சொல்லும். எடுத்துவிட்டால் அது ஊமைக்கல். அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பேன், இடத்தைக் குறிப்பேன், அங்கேயே விட்டுவிட்டு வருவேன்.

எங்கள் பிரிவுக்கு ஓர் அப்ரன்டிஸ் பையன் வந்தான். கெட்டிக்காரன். கைபேசியில் நான்கு ஆன்லைன் பாடங்களைத் தொடங்கி நான்கையும் பாதியில் விட்டிருந்தான்.

"நேரமே கெடைக்கலண்ணே. சி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்தா கண்ணு சொருகுது."

"நேரத்தைத் தேடாத தம்பி. கையில இருக்கிற வேலையில இருந்து ஒரு நூலைப் பிடி. அது கூடவே வரும்."

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிதார் வாங்கினேன், சதுரங்கப் புத்தகம் வாங்கினேன், இந்தி வகுப்புக்குப் பணம் கட்டினேன். எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. அவை ஒவ்வொன்றும் எனக்கென்று தனி நேரம் கொடு என்று கேட்டன. ஷிஃப்ட் வேலைக்காரனிடம் அது கிடையாது. கல் அப்படிக் கேட்கவில்லை. உளியின் கோணமும் அடியின் வேகமும் விளிம்பு தெறிக்கும் விதமும் ஆலையில் என் கண் முன்னாலேயே இருந்தன. ஃபுட்டுக்கும் இதுதான் நடந்தது. வேலைக்காக நடந்த வழியிலேயே அவருடைய ஆசையும் கிடந்தது.

சி ஷிஃப்ட் வாரத்தில் நான் புதிதாக எதையும் படிப்பதில்லை. எடுத்த படங்களை ஒழுங்குபடுத்துவதோடு சரி. ஏ ஷிஃப்ட் வாரத்து மாலைகளில்தான் கனமான வாசிப்பு. போக வர ரயில் நேரம், காதால் கேட்க. இந்த ஒழுங்கைப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஆலையில் அவன் தினமும் பார்ப்பது மோட்டார் பேரிங். வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் ஒரு சென்சாரை ஒட்டி, அதிர்வை அளந்து, பேரிங் தேய்வதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தான். அதற்காகவே பைத்தான் படித்தான். பாதியில் விட்ட பாடங்களில் ஒன்றை முடித்தும்விட்டான்.

போன மாதம் யார்டில் ஓர் இன்சுலேட்டர் விழுந்து உடைந்தது. பீங்கான் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தவன் ஒன்றை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உடைந்த முகத்தில் குளத்தில் கல் போட்டது போல அலை அலையாக வளைவுகள். அவை தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. கைக்கோடரியிலிருந்து தெறித்த செதிலிலும் இதே புடைப்பும் அலையும்தான் இருக்கும். என்றோ டீக்கடையில் ஒருமுறை நான் அவனுக்குப் படம் காட்டிச் சொன்னது.

புடைப்பின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, அடி இங்கதான் விழுந்திருக்கு."