எண்ணிக்கை தெரியாத ஊடுருவல். எளியோர் தலையில் சுமை

புது தில்லி: இந்தியாவில் சட்டவிரோதமாகக் குடியேறியுள்ள வங்கதேசத்தவர் எத்தனை பேர்? நாடாளுமன்றத்தில் பலமுறை எழுப்பப்பட்ட இக்கேள்விக்கு உறுதியான விடை இன்று வரை கிடைக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு இறுதி நிலவரப்படி 1.20 கோடி பேர், அவர்களில் 50 லட்சம் பேர் அசாமில் உள்ளனர் என்று அப்போதைய உள்துறை இணையமைச்சர் ஸ்ரீபிரகாஷ் ஜெய்ஸ்வால் 2004 ஜூலையில் தெரிவித்தார். சில நாள்களிலேயே, அந்த எண்ணிக்கை நம்பகமான கணக்கெடுப்பில் கிடைத்தது அல்ல என்று அரசுத் தரப்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. 2016 நவம்பரில் உள்துறை இணையமைச்சராக இருந்த கிரண் ரிஜிஜு கூறிய எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடி. ஒரு கோடியா, இரண்டு கோடியா என்பதே தெரியாத நிலையில்தான் இப் பிரச்னை கால் நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது.

எண்ணிக்கை தெரியாவிட்டாலும் சுமை யார் தலையில் விழுகிறது என்பது நன்றாகவே தெரிகிறது. நிலத்தை இழக்கும் பூர்வகுடி விவசாயி, கூலி குறைந்து தவிக்கும் உள்ளூர்த் தொழிலாளி, இந்த மண்ணிலேயே பிறந்தும் அதை நிரூபிக்கக் காகிதம் தேடி அலையும் ஏழை ஆகிய மூவரும்தான் அதைச் சுமக்கின்றனர். இதற்கு அசாமைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஆறு தின்ற நிலம்

அசாமுக்குக் குடியேற்றம் புதிதல்ல. பிரம்மபுத்திரா நதியின் மணல் திட்டுகளில் சணல் பயிரிடுவதற்காக, கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் பகுதி விவசாயிகளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற ஊக்குவித்தது ஆங்கிலேய அரசே. தரிசு நிலம் விளைநிலமானால் வரி வருவாய் பெருகும் என்பது அதன் கணக்கு. பின்னர் உள்ளூர் மக்களின் எதிர்ப்பு கிளம்பவே, குடியேறுவோர் தாண்டக் கூடாத எல்லைக்கோடுகளை 1920-ஆம் ஆண்டு முதல் அவ்வரசே வகுத்தது. பிரிவினையின்போது அகதிகள் வந்தனர். 1971-இல் வங்கதேசப் போரின்போது ஏறத்தாழ 1 கோடி பேர் இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் திரும்பிச் சென்றுவிட்டனர். திரும்பாதவர்களைப் பற்றிய கேள்விதான் இன்றும் தொடர்கிறது.

அசாமில் நிலம் அளவாகத்தான் உள்ளது. அதையும் ஆறு விட்டுவைப்பதில்லை. 1950 முதல் 4.27 லட்சம் ஹெக்டேர் நிலம், அதாவது மாநிலப் பரப்பில் 7 சதவீதத்துக்கும் மேல், கரை அரிப்பில் கரைந்துவிட்டதாக மாநில நீர்வளத் துறை கணக்கிட்டுள்ளது. நிலமிழந்த குடும்பம் வேறு மாவட்டத்துக்குச் சென்று புறம்போக்கில் குடிசை போடுகிறது. அதே புறம்போக்கில் எல்லை தாண்டி வந்தவரும் குடிசை போடுகிறார். இருவர் கையிலும் பட்டா இல்லை. இருவர் பேச்சும் ஒன்று. யார் குடிமகன், யார் அந்நியர் என்று பிரித்தறிய கிராம நிர்வாகத்துக்கு வழியில்லாமல் போகிறது.

பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்க 1947-இலேயே சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டு, தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் அப்பகுதிகளிலும் ஆக்கிரமிப்பு நுழைந்தது. போடோ பழங்குடியினருக்கும் வங்காள மொழி பேசும் முஸ்லிம்களுக்கும் இடையே 2012-இல் கோக்ரஜார் வட்டாரத்தில் வெடித்த கலவரத்தில் 4 லட்சம் பேர் வீடிழந்து முகாம்களில் தஞ்சமடைந்தனர். அக்கலவரத்தின் வேரில் இருந்தவற்றுள் நிலமும் ஒன்று.

கூலி குறைந்தால் லாபம் யாருக்கு?

ஆவணம் இல்லாத தொழிலாளியால் பேரம் பேச முடியாது. கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்க முடியாது. காவல் நிலையப் படியேற முடியாது. செங்கல் சூளை, கட்டுமானம், குப்பை பொறுக்குதல் என அவர் செல்லும் தொழில்கள் அனைத்தும் முறைசாராத் தொழில்களே. அவர் குறைந்த கூலிக்கு இசையும்போது, பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் சேர்ந்து இறங்குகிறது. லாபம் ஒப்பந்தக்காரருக்கு, நஷ்டம் இரு ஏழைகளுக்கு.

இது எல்லை மாநிலங்களோடு நின்றுவிடவும் இல்லை. திருப்பூர் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் வங்கதேசத்தவர் 31 பேர் கைது செய்யப்பட்டனர். எல்லையிலிருந்து 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் வேலை பெறுகின்றனர் என்றால், இடையில் ஆவணம் தயாரித்தவர், ஆள் பிடித்தவர், வேலை கொடுத்தவர் எனப் பலர் இருந்தாக வேண்டும். பிடிபடுவோர் பெரும்பாலும் கூலிகளே. தரகர்களும் முதலாளிகளும் அல்ல.

அதே சமயம், மறுபக்கத்தையும் மறுப்பதற்கில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மற்றவர்கள் ஒதுக்கிய மணல் திட்டுகளைச் சணலும் காய்கறியும் விளையும் பூமியாக்கியது, தலைமுறைகளுக்கு முன் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த விவசாயிகளின் உழைப்பு. அவர்களின் வாரிசுகள் இந்தியக் குடிமக்கள். அவர்களையும் நேற்று எல்லை தாண்டியவரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி மட்டுமல்ல. உண்மையான ஊடுருவலைக் கண்டறிவதற்கும் அதுவே தடை.

சட்டம் படுத்த பாடு

மங்கள்தோய் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் அந்நியர் பெயர்கள் இருப்பதாக 1979-இல் எழுந்த புகார், 6 ஆண்டுப் போராட்டமாக வளர்ந்தது. போராட்டத்தில் 855 பேர் உயிரிழந்ததாக அசாம் அரசு பதிவு செய்துள்ளது. 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லியில் ஏறத்தாழ 2 ஆயிரம் வங்காள முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர்; அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1985 ஆகஸ்ட் 15-இல் கையெழுத்தான அசாம் ஒப்பந்தம், 1971 மார்ச் 24 நள்ளிரவுக்குப் பின் வந்தோரைக் கண்டறிந்து வெளியேற்ற உறுதியளித்தது. அந்தக் கெடுவுக்கு அடிப்படையான குடியுரிமைச் சட்டத்தின் 6-ஏ பிரிவு செல்லும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

ஆனால், செயல்பாடு என்ன? அசாமுக்கு மட்டும் 1983-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், ஒருவர் அந்நியர் என்று நிரூபிக்கும் பொறுப்பைப் புகார்தாரர் மீதே சுமத்தியது. அச்சட்டத்தின் கீழ் 3,10,759 விசாரணைகள் தொடங்கப்பட்டன. 10,015 பேர் சட்டவிரோதக் குடியேறிகள் என அறிவிக்கப்பட்டனர். 2000 ஏப்ரல் வரை உண்மையில் வெளியேற்றப்பட்டோர் 1,481 பேர் மட்டுமே. இக்கணக்கைச் சுட்டிக்காட்டியே 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது.

அடுத்து, நிரூபிக்கும் பொறுப்பு தனிமனிதர் தலைக்கு மாறியது. தேசிய குடிமக்கள் பதிவேட்டுக்கு 3.3 கோடி பேர் விண்ணப்பித்தனர். 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேரின் பெயர்கள் இல்லை. 2014-இல் 288 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட செலவு, 2022 மார்ச்சுக்குள் 1,602 கோடி ரூபாயாக உயர்ந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சுட்டிக்காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் அப்பட்டியல் முறைப்படி அறிவிக்கை செய்யப்படாமலும், விடுபட்டோருக்கு நிராகரிப்புக் கடிதம் தரப்படாமலும் ஆண்டுகள் உருண்டன. கடிதம் இல்லாமல் அவர்களால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய இயலாது. பதிவேட்டுப் பணியின்போது கைரேகை முடக்கப்பட்டதால் லட்சக்கணக்கானோர் ஆதார் இன்றித் தவித்தனர். அவர்களில் 9 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஆதார் வழங்கும் முடிவு 2024 ஆகஸ்டில்தான் வந்தது.

காகிதம் தேடும் குடிமக்கள்

30 ஆண்டுகள் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற வீரர் ஒருவர், அந்நியர் என அறிவிக்கப்பட்டு 2019-இல் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 12 ஆண்டுகள் வழக்காடிய வேறொருவரை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்தியர் என்று அறிவித்தபோது, அதைக் கேட்க அவர் உயிருடன் இல்லை. தலைநகர் தில்லியிலும் இது நடந்தது. மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவர் 2025 ஜூனில் இங்கு பிடிக்கப்பட்டு, குடும்பத்துடன் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். கொல்கத்தா உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகே, டிசம்பரில் அவரும் அவருடைய மகனும் திரும்ப முடிந்தது.

மறுபுறம், அந்நியர் என அறிவிக்கப்பட்டவர்களை அனுப்பவும் முடியவில்லை. தடுப்பு முகாமில் இருந்த 63 பேரை ஏன் நாடு கடத்தவில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கேட்டபோது, அவர்களின் வெளிநாட்டு முகவரி தெரியவில்லை என்று அசாம் அரசு பதிலளித்துக் கண்டனத்துக்கு ஆளானது. ஒருவர் தன் குடிமகன்தான் என்று அண்டை நாடு ஏற்றுக்கொள்ளாத வரை, முறைப்படி அவரை அனுப்ப வழியில்லை. இரவோடு இரவாக எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவது அதற்கு மாற்றாகாது.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. எல்லையில் அடைபடாத ஆற்றுப் பகுதிகளில் கண்காணிப்பைப் பெருக்க வேண்டும். ஆவணமற்றவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்துவோரையும், போலி ஆவணம் தயாரிப்போரையும் தண்டிக்க வேண்டும். ஆற்றரிப்பில் நிலமிழந்தோருக்குப் பதிவும் மாற்று நிலமும் தர வேண்டும். விடுபட்ட 19 லட்சம் பேரின் நிலையைக் காலக்கெடு வைத்துத் தீர்க்க வேண்டும். சரிபார்த்த பட்டியலின் அடிப்படையில் வங்கதேசத்துடன் பேச வேண்டும்.

ஊடுருவலைத் தடுப்பது எந்த நாட்டுக்கும் உரிமை, கடமையும்கூட. ஆனால், தேர்தல் வரும்போது மட்டும் உயர்ந்து, முடிந்ததும் மறக்கப்படும் எண்ணிக்கைகளால் எந்த எல்லையும் காக்கப்படுவதில்லை. யார் குடிமகன் என்பதை நேர்மையாகவும் விரைவாகவும் அரசு தீர்மானிக்காத வரை, அதன் விலையை நிலம் இழந்தவரும், கூலி இழந்தவரும், பெயர் இழந்தவரும்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.