கிருமி எந்த வழியாக வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கொரோனா காலத்தில் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. அருவி போலப் பல ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் கிருமி எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பரீட்சையில் பார்த்து எழுதியவன் எப்படி மாட்டுகிறான்? இரண்டு தாளிலும் ஒரே பிழை! கிருமியையும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

கொரோனா வைரஸின் மரபணுத் தொகுப்பில் சுமார் 30,000 எழுத்துகள். பெருகும்போது வைரஸ் அதைப் படியெடுக்கிறது. அவ்வப்போது ஓர் எழுத்து தவறுகிறது. அந்தப் பிழை அடுத்த படிகளுக்கும் தொடரும். நோயாளிகளின் சளி மாதிரிகளில் இந்தப் பிழைகளை ஒப்பிட்டால், எது எதன் வாரிசு என்று புலப்படும். டெல்டா, ஒமிக்ரான் வகைகளைப் பிரித்தறிந்தது இப்படித்தான்.

முன்பு இந்த ஆய்வுக்காகத் தமிழக மாதிரிகள் பெங்களூருக்குப் போயின. 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநில அரசே இதற்கான ஆய்வகம் திறந்தது.

பிழைகள் மட்டும் போதாது. யார் யாரைச் சந்தித்தார் என்ற விசாரணையும் சேர்ந்தால்தான் குற்றாலம் உள்ள தென்காசி மாவட்டத்தில் எங்கே பரிசோதனையைக் கூட்டுவது என்று தீர்மானிக்கலாம்.