ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோகும் பாட்டு

மாலை ஆறு மணிக்கு மேல் தெற்குக் கல்கத்தாவின் சந்துகளில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஹார்மோனியம் கேட்கும். வங்காளக் குடும்பங்களில் ரவீந்திர சங்கீதம் கொஞ்சமாவது தெரியாமல் பிள்ளைகள் வளர்வது அபூர்வம். லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களும் சளைத்தவை அல்ல. ஐந்து வயதிலேயே குழந்தையைப் பாட்டு வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறோம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "போர்டு பரீட்சை வருகிறதே" என்று முதலில் நிறுத்துவது பாட்டைத்தான். டியூஷனை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பாட்டால் மார்க்கு கூடுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். 1993-இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொஸார்ட் இசையைக் கேட்கச் செய்து சோதித்தார்கள். ஒருவகை அறிவுச் சோதனையில் கூடுதல் புள்ளி கிடைத்தது. பலன் கால் மணிக்கு மேல் நிற்கவில்லை. மொஸார்ட் கேட்டால் மூளை வளரும் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளியதுதான் மிச்சம். 2004-இல் கனடாவில் ஷெல்லன்பர்க் என்ற உளவியலாளர் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து ஒழுங்காக ஆராய்ந்தார். ஓராண்டு கீபோர்டோ வாய்ப்பாட்டோ கற்றவர்களின் ஐ.க்யூ. சராசரி 7 புள்ளி உயர்ந்தது; சங்கீதம் கற்காதவர்களுக்கும் 4.3 உயர்ந்தது. வித்தியாசம் மூன்று புள்ளிக்குள். இதற்காக ஒருவர் பாட்டு வாத்தியாரைத் தேட வேண்டாம் என்பேன். பலன் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வண்டி ஸ்டேஷனில் நின்றதும், நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாகச் சத்தமிடும். கண்ணுக்குத் தப்பியதைக் காது பிடித்துவிடும், ஆனால் பழகிய காது வேண்டும். தம்புராவோடு குரலை ஒட்டவைத்து, சுருதி சேர்ந்ததா என்று கேட்கும் குழந்தை அந்தக் கவனத்தைத்தான் பழகுகிறது.

கணக்கும் அப்படியே. ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடினால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 ஸ்வரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. கை போடும் வேகம் மட்டும் மாறக்கூடாது. அட்சரத்துக்கு மூன்றாகத் திஸ்ர நடையில் பாடினால் 24. பின்னம் என்ற சொல்லைக் கேட்கும் முன்பே பிள்ளை தொடையில் தட்டிப் பின்னம் போட்டுவிடுகிறது.

பாட்டைப் பள்ளிக்கூடத்தின் அன்றாட வேலையாகவே ஆக்கிக் காட்டியவர் தாகூர். ஹௌராவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் போல்பூர். அதையடுத்த சாந்திநிகேதனில் 1901 டிசம்பரில் ஐந்து மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். காலையில் கூடிப் பாடுவது, மழைக்கு ஒரு விழா, வசந்தத்துக்கு ஒரு விழா, மரம் நடுவதற்குக்கூடப் பாட்டு. தெற்கிலிருந்து அங்கே போன சாவித்திரி கோவிந்தன் என்ற மாணவி, மதுரை மீனாட்சி மீது தீட்சிதர் இயற்றிய பூர்வி கல்யாணிக் கிருதியைப் பாடக் கேட்டு, தாகூர் அந்த மெட்டிலேயே 'பாஸந்தி ஹே புபனமோகினி' என்ற வசந்தப் பாட்டை எழுதினார். வங்காளப் பிள்ளைகள் அதைப் பாடும்போது, அது மதுரையிலிருந்து வந்த மெட்டு என்று பக்கத்து வீட்டு நாமாவது சொல்ல வேண்டாமா?

வசதியுள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைப்பவர்கள் பேஹாலா பக்கம் பார்க்கலாம். அங்குள்ள ஆக்ஸ்போர்டு மிஷனில் பாதிரியார் தியோடர் மாத்தீசன் விடுதிப் பையன்களுக்கு வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த அனுப் குமார் பிஸ்வாஸ் லண்டன் வரை சென்று செல்லோ கலைஞரானார். பிறகு, ஏழைக் குழந்தைகளுக்குப் படிப்பையும் சங்கீதத்தையும் சேர்த்துத் தருவதற்காக 1994-இல் குருவின் பெயரிலேயே இங்கு ஒரு பள்ளி நிறுவினார்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. இங்கே பிறந்த என் பேத்திக்குத் தமிழ் எழுத்து தகராறு. 'மழை' என்பது 'மளை'யாகத்தான் வரும். மார்கழியில் திருப்பாவை பாடும் குழுவில் சேர்த்தோம். நாலாம் பாசுரம் முழுக்க ழகரம். எத்தனையோ முறை திருத்தியும் மடங்காத நாக்கு, பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடியதில் பத்தே நாளில் மடங்கிவிட்டது.

ஆகவே ஒன்பதாம் வகுப்பில் பாட்டை நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாக்கி, வீட்டில் தினம் இருபது நிமிடம் போதும். சி.பி.எஸ்.இ. திட்டத்தில் 9 முதல் 12 வரை கர்நாடக சங்கீதத்தையே ஒரு பாடமாக எடுக்க இடம் உண்டு. பள்ளி அதை நடத்த முன்வர வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தனியாகப் போய்க் கேட்காமல், ஐந்தாறு குடும்பங்கள் கையெழுத்திட்ட ஒரு மனுவோடு தலைமையாசிரியரைப் பாருங்கள்.