பழைய காருக்குப் புதிய அப்சோர்பர்: எதைப் பார்த்து வாங்குவது?

1993-இல் அறிமுகமான புரோட்டோன் வீராவும் 1994-இல் வந்த பெரோடுவா கன்சிலும் மலேசியச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றும் உரிமையாளர்கள்கூட, சத்தம் கேட்கும் வரை அப்சோர்பரை நினைப்பதில்லை. சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லாததால் வேறு யாரும் நினைவூட்டப் போவதுமில்லை.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அப்சோர்பர் அல்ல. பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாதவாறு அடக்குவதே அதன் வேலை. உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கப்படுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியேறுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் டயர் சாலையைப் பற்றிக்கொள்ளாமல் துள்ளும். மழையில், நெடுஞ்சாலையில், பிள்ளைகளோடு போகும்போது பிரேக்கை மிதித்தால் கார் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும்.

தேய்மானம் மெல்ல வருவதால் ஓட்டுபவருக்கு அது பழகிப்போகிறது. காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் ஓரிரு ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்பது பழைய சோதனை. அதில் தேறிவிட்டதாலேயே அப்சோர்பர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. டயரில் ஆங்காங்கே குழி விழுந்தாற்போன்ற தேய்மானம், பிரேக் போட்டதும் கார் முன்பக்கம் அளவுக்கு மீறிக் கவிழ்வது, குழாயில் வழியும் எண்ணெய் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். லேசான எண்ணெய்ப் படலத்திற்குப் பதறத் தேவையில்லை.

மலிவாகக் கிடைப்பது 'ரீகன்' அப்சோர்பர். பழைய குழாயில் துளையிட்டு, எண்ணெய் நிரப்பி, பற்றவைத்து, சாயம் பூசியிருப்பார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே தேய்ந்த வால்வு அப்படியே இருக்கக்கூடும். 'ஹாஃப் கட்' கடையில் வாங்கும் ஜப்பான் அப்சோர்பர் எத்தனை கிலோமீட்டர் ஓடியதென்று விற்பவருக்கே தெரியாது. இரண்டிலும் மிச்சமாகும் பணம் மறுபடியும் கூலியாகப் போய்விடும்.

இளைஞர்கள் விரும்பும் 'ஸ்போர்ட்' வகை இதற்கு நேர்மாறு. புஷ் ரப்பர்கள் தளர்ந்த பழைய காரில் அந்த விறைப்பு, குலுக்கலை அப்படியே உள்ளே அனுப்பும். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தியவர்கள் எந்த அப்சோர்பரைப் போட்டாலும் இடிக்கத்தான் செய்யும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்.

அன்றாடம் ஓட்டும் குடும்பக் காருக்கு அசல் அளவுக்கு ஒத்த புதிய அப்சோர்பரே போதும். அடுத்த கேள்வி, எண்ணெய் வகையா, கேஸ் வகையா என்பது. கேஸ் வகையிலும் எண்ணெய் உண்டு. கூடவே அடைக்கப்பட்ட நைட்ரஜன், சூட்டில் எண்ணெய் நுரைத்துவிடாமல் தடுக்கிறது. கயாபாவில் 'பிரீமியம்' எண்ணெய் வகை, 'எக்செல்-ஜி' கேஸ் வகை. வீட்டருகே ஓட்டுபவருக்கு எண்ணெய் வகை மென்மையாக இருக்கும். பெருநாளுக்குக் காரை நிறைத்துக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்களுக்குச் சற்று விறைப்பான கேஸ் வகை ஏற்றது.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இடது, வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். மேல் மவுண்டிங், தூசி உறை, இடிதாங்கி ரப்பர் ஆகியவற்றையும் கூடவே மாற்றுவது நல்லது. பழைய மவுண்டிங்கையே திரும்பப் போட்டால் 'டக் டக்' சத்தம் தொடரும். பழி புதிய அப்சோர்பர் மேல் விழும். மெக்கானிக் பளபளப்பான தண்டைப் பிளையரால் பிடித்தால் கீறல் விழுந்து சீல் சீக்கிரமே கிழிந்துவிடும். முன்பக்க ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியில்லாமல் கழற்றுவது உயிருக்கே ஆபத்து என்பதால் வீட்டில் முயலக் கூடாது. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிட்டே காரை எடுக்க வேண்டும்.