உடன் வேலை செய்பவரின் மதம்: சட்டம் எதுவரை?

புது தில்லி:

திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியின் கிழக்கு ஓரத்தில், பாறசாலை சட்டப்பேரவைத் தொகுதிக்குள் அடங்கிய மலையோர ஊராட்சி அம்பூரி. 2001 நவம்பர் 9-ம் தேதி நேரிட்ட நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தபோதுதான் தமிழகத்தில் பலர் இந்த ஊரின் பெயரை முதன்முதலாகக் கேட்டனர். மலையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். மத்திய திருவிதாங்கூரிலிருந்து குடியேறிய சிரியன் கிறிஸ்தவ விவசாயிகள், நாடார்கள், ஈழவர்கள், நெய்யாறு அணைக்கு அப்பால் வாழும் காணி பழங்குடியினர் எனப் பலரும் கலந்து வாழும் பகுதி இது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் ஒரே நாடார் குடும்பத்தின் ஒரு கிளை இந்துவாகவும் மற்றொன்று கிறிஸ்தவமாகவும் இருப்பது வியப்புக்குரிய செய்தியல்ல. அருகிலுள்ள வெள்ளறடையை ஒட்டிய மலைகளில் ஒன்று குருசுமலை, இன்னொன்று காளிமலை.

இத்தகைய ஊரில் ரப்பர் தோட்டத்தில் சேர்ந்து வேலை செய்யும் இருவர் ஒருவர் நம்பிக்கையைப் பற்றி மற்றவரிடம் பேசாமல் இருக்க முடியாது. திருவிழா, நோன்பு, நேர்ச்சை எல்லாமே விடுப்பு, கூலி, சாப்பாடு ஆகியவற்றோடு பிணைந்தவை. சிக்கல் எழுவது அந்தப் பேச்சு கோப்புகளும் பதவிப் படிநிலையும் உள்ள இடத்துக்குள் நுழையும்போதுதான். அங்கே பேசுபவர் வெறும் நம்பிக்கையாளர் அல்லர். மேலதிகாரியாகவோ, கீழ்ப்பணியாளராகவோ இருக்கிறார்.

அம்பூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அதன் தலைநகரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. 2024 தீபாவளியையொட்டி, கேரளத் தொழில் மற்றும் வர்த்தகத் துறை இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி கே. கோபாலகிருஷ்ணனின் எண்ணிலிருந்து "மல்லு இந்து ஆபீசர்ஸ்" என்ற வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டு, சக அதிகாரிகள் அதில் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம் அதிகாரிகளுக்கென மற்றொரு குழுவும் இருந்தது தெரியவந்தது. தமது கைப்பேசி ஊடுருவப்பட்டதாக அவர் போலீஸில் புகார் அளித்தார். ஊடுருவலுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும், கைப்பேசியின் பதிவுகள் முழுவதுமாக அழிக்கப்பட்டிருந்தன என்றும் போலீஸார் தெரிவித்தனர். நவம்பர் 11-ம் தேதி அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதிகாரிகளிடையே பிளவை உண்டாக்கும் செயல் என்பதே அரசு கூறிய காரணம். 2025 ஜனவரியில் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதிகாரிகள் எவரும் அந்தக் குழுவில் மதப் பிரசாரம் செய்ததாகப் புகார் எழவில்லை என்பது கவனிக்க வேண்டியது. நம்மவர், மற்றவர் என்று பட்டியல் பிரித்ததே குற்றமாகக் கருதப்பட்டது.

தமிழகத்தில் இதற்கு நேர்மாறான விவகாரம் 2015 ஜனவரியில் எழுந்தது. கிறிஸ்தவக் கூட்டங்களில் பிரசங்கம் செய்துவந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கரை, அதை உடனே நிறுத்துமாறு மாநில அரசு அறிவுறுத்தியது. மேற்கோள் காட்டப்பட்டவை 1968-ம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள். தமது நம்பிக்கையைப் பரப்புவது அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தரும் உரிமை என்பது அவரது பதில். இரு தரப்பும் சுட்டியது சட்டத்தையே. அலுவல் நேரம் முடிந்தபின் அதிகாரி குடிமகனாகிவிடுகிறாரா, அல்லது அவரது பதவி மேடைவரை கூடவே வருகிறதா என்ற கேள்விக்கு நடத்தை விதிகளில் நேரடியான பதில் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான முடிவைச் சந்தித்தது ராணுவ லெப்டினன்ட் சாமுவேல் கமலேசனின் வழக்கு. 2017-ல் 3-வது குதிரைப்படைப் பிரிவில் சேர்ந்த அவர், சீக்கிய வீரர்கள் அடங்கிய அணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். அந்தப் படைப்பிரிவில் கோயிலும் குருத்வாராவும் இருந்தன. சர்வ தர்ம ஸ்தலமோ தேவாலயமோ இல்லை. வாராந்தர வழிபாட்டு அணிவகுப்பில் தமது வீரர்களுடன் அவர் சென்றார். காலணியைக் கழற்றி, தலைப்பாகை அணிந்து, முற்றத்தில் நின்றார். கருவறைக்குள் நுழைவதிலிருந்து மட்டும் தமக்கு விலக்குக் கோரினார். ஒரே கடவுளை வணங்கும் புராட்டஸ்டன்ட் நம்பிக்கையை அதற்குக் காரணமாகக் கூறினார். மேலதிகாரிகளும் சக அதிகாரிகளும் பலமுறை பேசியும் அவர் இணங்கவில்லை. 2021-ல் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இன்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

2025 மே 30-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான ஆணைக்குக் கீழ்ப்படிவது பற்றியது என்று நீதிபதிகள் கூறினர். நவம்பர் 25-ம் தேதி தலைமை நீதிபதி சூர்ய காந்த், நீதிபதி ஜாய்மால்யா பாக்சி ஆகியோரைக் கொண்ட அமர்வு மேல்முறையீட்டில் தலையிட மறுத்தது. ஒரு போதகரே ஆட்சேபம் தெரிவிக்காத நிலையில் தனிப்பட்ட விளக்கத்தை முன்னிறுத்த முடியாது என்று சுட்டிக்காட்டிய அமர்வு, தமது வீரர்களின் உணர்வுகளை அவர் மதிக்கவில்லை என்றும் கண்டித்தது.

ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு 33-வது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. எனவே இத்தீர்ப்பை அப்படியே ஒரு வங்கிக் கிளைக்கோ பள்ளி ஆசிரியர் அறைக்கோ பொருத்திவிட முடியாது. ஆனால் 1986-ல் இதே கேரளத்திலிருந்து சென்ற பிஜோய் இம்மானுவேல் வழக்கை நினைவுகூராமல் இருப்பதும் கடினம். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் இசைக்கும்போது எழுந்து நின்றனர், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அவர்களை மீண்டும் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மரியாதையுடன் நிற்பதே போதும் என்றது நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அமர்வு. அந்தக் குழந்தைகள் நின்றதற்கும் இந்த அதிகாரி முற்றத்தில் நின்றதற்கும் இடையிலான வேறுபாடு சீருடை மட்டும்தானா? 2025 தீர்ப்புகளைப் படிப்போருக்கு இந்தக் கேள்வி எஞ்சியே நிற்கிறது.

வெறும் பேச்சைப் பொருத்தவரை 1977-ம் ஆண்டின் ஸ்டானிஸ்லாஸ் வழக்கே இன்றும் வழிகாட்டி. தம் மதக் கொள்கைகளை எடுத்துரைக்க எவருக்கும் உரிமை உண்டு, பிறரை மதம் மாற்றும் உரிமை இல்லை என்றது அரசியல் சாசன அமர்வு. கேரளத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் கிடையாது. தமிழகத்தில் 2002-ல் கொண்டுவரப்பட்ட சட்டம் 2004-ல் கைவிடப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் 2021-ம் ஆண்டுச் சட்டம் "ஆசை காட்டுதல்" என்பதன் பொருளில் வேலைவாய்ப்பையும் சேர்த்திருக்கிறது. மேலாளர் ஒருவர் தேநீர் வேளையில் கீழ்ப்பணியாளரிடம் சொல்லும் சொல்லும் அங்கே புகாருக்கு இடமாகலாம். 2024-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எவர் வேண்டுமானாலும் புகார் தர முடியும். 2025 அக்டோபரில், ஃபதேபூரில் பதிவான இத்தகைய பல முதல் தகவல் அறிக்கைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பேச்சின் எல்லை பற்றி அம்பூரி வட்டாரத்துக்குச் சொந்தமான பழைய சிந்தனை ஒன்று உண்டு. அவ்வூரைத் தொட்டு ஓடிவரும் அதே நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்தில், 1888-ல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகையுமின்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் இடம் அது என்று அங்கே எழுதச் செய்தார். 1924-ல் ஆலுவாவில் அவர் கூட்டிய சர்வமத மாநாட்டின் நோக்கம், வாதிட்டு வெல்வதல்ல, அறிவதும் அறிவிப்பதுமே என்று வாயிலிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. தலைமை வகித்தவர் சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி சதாசிவ ஐயர். பிறர் நம்பிக்கையை அறிய விரும்பும் கேள்விக்கும் அதைத் தோற்கடிக்க விரும்பும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை எந்த நடத்தை விதியும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அரசுப் பணியில் மதப் பாகுபாட்டை 16-வது பிரிவு தடுக்கிறது. தனியார் துறையில்தான் பெரும் வெற்றிடம். 2015-ல் மும்பை வைர ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, முஸ்லிம் அல்லாதோரை மட்டுமே பணிக்கு எடுப்பதாகப் பட்டதாரி இளைஞர் ஒருவருக்கு மின்னஞ்சலிலேயே பதில் அனுப்பியது. மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. பாதித்தோர், திருநர் ஆகியோரைத் தனியார் முதலாளிகளின் பாகுபாட்டிலிருந்து காக்க 2016, 2017, 2019-ம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. மதத்தின் பெயரால் ஒதுக்கப்படுவோருக்கு அப்படியொன்று வரவில்லை.

முயற்சி நடக்காமலில்லை. சமவாய்ப்பு ஆணையம் அமைக்க 2006-ல் சச்சார் குழு பரிந்துரைத்தது. என்.ஆர். மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு 2008-ல் அதற்கு வரைவும் தந்தது. 2017-ல் சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதாவாகப் பாகுபாடு எதிர்ப்பு மற்றும் சமத்துவ மசோதாவை அறிமுகம் செய்தார். அம்பூரி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த உறுப்பினர் அவர். 16-வது மக்களவையின் காலம் 2019-ல் முடிந்தபோது விவாதத்துக்கு எடுக்கப்படாமலேயே அந்த மசோதா காலாவதியானது.